மெட்டு: படியா, மலையா, பாட்டா?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மேற்கே ஏறினால், மலை உச்சியில் இடுக்கி மாவட்டத்தின் எல்லையூரான கம்பம்மெட்டு வரும். போடிநாயக்கனூருக்கு மேலே இருப்பது போடிமெட்டு. சங்கீத அபிமானிகளான நம் அங்கத்தினர்களுக்கோ மெட்டு என்றதும் பாட்டுதான் ஞாபகம் வரும். மலைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தமிழில் மேடு என்றால் உயர்ந்த இடம். மெட்டு என்பதற்கும் மண்மேடு என்ற பொருள் உண்டு. தெலுங்கில் மெட்ட என்றால் மேட்டு நிலம். மெட்டு என்றால் படி. ஸ்ரீநிவாசமங்காபுரம் பக்கமிருந்து சுமார் 2,400 படிகள் ஏறித் திருமலையை அடையும் பாதைக்கு ஸ்ரீவாரி மெட்டு என்றே பெயர். கன்னடத்தில் மெட்டு என்றால் காலால் மிதிப்பது. மெட்டிலு என்றால் படிக்கட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் தமிழோடு, வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இனி வீணைக்கு வருவோம். மெழுகின் மேல் பதித்த அதன் 24 கட்டைகளுக்கும் மெட்டு என்றுதான் பெயர். ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானங்களாக இரண்டு ஸ்தாயிகள். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த அமைப்பு நிலைபெற்றதாகச் சொல்வர். அவருடைய மந்திரி கோவிந்த தீக்ஷிதர். 'சதுர்தண்டி பிரகாசிகை' இயற்றிய வேங்கடமகி அவருடைய குமாரர். அந்த அரசவையில் தெலுங்கு கோலோச்சியது. விரல் படிப்படியாக ஏறி இறங்கும் இடம் மெட்டு; அப்படி எழும் இசை நடையும் மெட்டு.

மேடு என்பது ஒரு வேர், மிதி என்பது வேறொரு வேர் என்று பிரிப்பாரும் உண்டு. ஆனால் மிதித்து ஏறாமல் மேட்டை அடைவது எப்படி? ஆரோஹணம் என்றால் ஏறுதல், அவரோஹணம் என்றால் இறங்குதல். கேரளத்தில் சன்னதிப் படியருகே நின்று பாடுவது சோபான சங்கீதம். சோபானம் என்றாலும் படிதான். ஆங்கிலேயர் ஸ்வர வரிசையை ஸ்கேல் என்கிறார்கள். ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இசையில் ஏற்றத்தைக் கண்டவர்கள் நாம் மட்டுமல்லர்.

முன்பு சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லையாக இருந்த இந்த மலை, 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லை. கம்பம் ஒரு மாநிலத்தில், அதன் மெட்டு மற்றொன்றில். மலையாள எழுத்தில் எழுதினாலும் ஊரின் பெயர் அதேதான். சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தலாம். சொற்களை நிறுத்த முடிவதில்லை.