அஞ்சல் தலைகளுக்கு ஓர் ஏடு

வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிகாட்டிலிருந்து இளைஞர் ஒருவர் சில திங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. சபர் சென்றிருந்த அவருடைய பாட்டனார் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் உறைகளும், உறைகளிலிருந்து பிரித்தெடுத்த அஞ்சல் தலைகளும் அதில் கலந்து கிடந்தன. மலாயா, சிங்கப்பூர், பிறகு குவைத், துபாய் என்று அவர் பிழைக்கப் போன ஊர்களின் வரிசை அது. போதாததற்கு, யார் யாரோ கொடுத்த ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைகளும் இருந்தன. "எல்லா நாட்டுக்கும் இடமுள்ள ஆல்பமாக ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

கடைக்காரர் விடை கூற வேண்டிய கேள்விபோல் இது தோன்றும். ஆனால் ஆல்பம் என்பது வெறும் பை அன்று. உலகத்தை ஏதோ ஒரு வரிசையில் அடுக்கிக் காட்டும் ஏடு. அவ்வரிசையை வகுத்தவர் யார், எங்கிருந்து பார்த்து வகுத்தார் என்பதை அறியாமல் அதில் நம் பொருளைக் கொண்டுபோய் வைப்பது முறையாகாது.

முதல் அஞ்சல் தலை இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1862இல், பாரிஸ் நகரில் ஜஸ்டின் லாலியே என்பவர் அச்சிட்ட ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு சிறு கட்டம். கட்டம் சிறிதாகவும் தலை பெரிதாகவும் இருந்த இடங்களில் அக்காலத்தார் என்ன செய்தனர் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்துத் தலையின் ஓரத்தை நறுக்கிக் கட்டத்துக்குள் அடக்கினர். இன்று பெருவிலை பெறக்கூடிய தலைகள் பல இவ்வாறு ஓரம் இழந்து நிற்கின்றன. ஆல்பத்தின் வரலாறு இந்தக் கத்தரிக்கோலோடுதான் தொடங்குகிறது என்பதை மறக்கலாகாது.

பிறகு இலண்டனில் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனமும் நியூயார்க்கில் ஸ்காட் நிறுவனமும் இத்துறையில் ஓங்கின. கிப்பன்ஸின் முதல் விலைப்பட்டியல் 1865இலும், ஸ்காட்டின் பட்டியல் 1868இலும் வந்தன. கிப்பன்ஸ் வெளியிட்ட 'நியூ இம்பீரியல்' ஆல்பம் 1840 முதல் 1936 வரை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துத் தலைகளுக்கு மட்டுமே உரியது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ஸ்காட்டின் 'இன்டர்நேஷனல்' ஆல்பமோ உலகம் முழுவதையும் தழுவுவது. 1840 முதல் 1940 வரையுள்ள அதன் முதற்பாகத்தில் ஏறக்குறைய 35,000 கட்டங்கள் உள்ளன. அவ்வளவு இருந்தும், வெளிவந்தவை எல்லாவற்றுக்கும் அதில் இடமில்லை. நியூயார்க்கிலிருந்தோர் தேர்ந்தவற்றுக்கே இடம். முதலில் அமெரிக்கா, அதன்பின் ஆங்கில அகர வரிசையில் ஏனைய நாடுகள்.

வரிசை பற்றிய இந்தச் சிந்தனை நமக்குப் புதிதன்று. மதரஸாவில் ஓதியவர் அறிவர், ஹதீஸ்களைத் தொகுத்த பெருமக்கள் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் முஸ்னத், அறிவித்த ஸஹாபியின் பெயரின்கீழ் ஹதீஸ்களை அடுக்குகிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்போ தொழுகை, ஸகாத், வாணிபம் என்று பொருள்வாரியாகப் பாடம் பிரிக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பது ஒன்று. எதைப் பற்றியது என்று பார்ப்பது மற்றொன்று. நாட்டுவாரி ஆல்பம் முன்னதைப் போன்றது. பறவை, கப்பல், பள்ளிவாசல் என்று பொருள்வாரியாகச் சேர்ப்பது பின்னதைப் போன்றது. அரபு அகராதிக் கலையின் முன்னோடியாகிய கலீல் இப்னு அஹ்மத், தம் கிதாபுல் ஐன் நூலில் அலிஃபிலிருந்தே தொடங்கவில்லை. தொண்டையின் அடியிலிருந்து உதடு வரை எழுத்துகள் பிறக்கும் இடத்தை வைத்து வரிசைப்படுத்தினார். வழக்கத்திலுள்ள வரிசை ஒன்றுதான் வரிசை என்று அவர் எண்ணவில்லை.

இம்மாவட்டங்களிலேயே இதற்குச் சான்று உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு தங்கியிருந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். பொருள்வாரியாகச் செய்யுளில் கிடந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசைக்குக் கொணர்ந்ததோடு நில்லாமல், பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு வகையாகப் பிரித்தும் வைத்தார். ஒரே வரிசையால் தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

இனி டப்பாவுக்கு வருவோம்.

மலாயாவிலிருந்து வந்த ஒரு தலையின் மேல் 'தாய் நிப்பொன் 2602' என்று அச்சிட்டிருந்தது. இளைஞர் அதைப் பிழை அச்சு என்று எண்ணியிருந்தார். பிழையன்று. 1942இல் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அங்குக் கிடைத்த தலைகளின் மீது தம் நாட்டின் பெயரையும் தம் ஆண்டுக் கணக்கையும் பதித்தனர். அந்த ஒரு சதுர அங்குலத்தில் போர் முழுவதும் இருக்கிறது. அந்நாட்களில் மலாயாவிலிருந்து ஊருக்குக் கடிதப் போக்குவரத்து நின்று, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன! அத்தலையை மலாயாவின் கீழ் வைப்பதா, ஜப்பானின் கீழ் வைப்பதா?

இதனினும் நுட்பமானது இந்தியத் தலைகளின் கதை. 1854இல் இந்தியா முழுவதற்குமான அஞ்சல் தலைகள் வந்தபோது, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை இந்திய ஆட்சியோடு சேர்ந்திருந்தன. அங்கும் இந்தியத் தலையே ஒட்டப்பட்டது. 1867 ஏப்ரலில் அவை தனிக் குடியேற்றமாகப் பிரிந்தபின், அவ்வாண்டு செப்டம்பரில் அதே இந்தியத் தலைகளின் மீது கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் பதித்துத் தம்முடையவை ஆக்கிக்கொண்டன. ஆக, அதற்கு முந்திய சிங்கப்பூர்த் தலையை இந்தியத் தலையிலிருந்து பிரித்தறிவது எப்படி? தலையைப் பார்த்தால் முடியாது. முத்திரையைப் பார்க்க வேண்டும். 'பி 172' என்றிருந்தால் சிங்கப்பூர். 'பி 147' என்றிருந்தால் பினாங்கு. கிப்பன்ஸ் பட்டியல் இவற்றைத் தனி எண்ணிட்டுக் குடியேற்றத்தின் கீழ்க் காட்டுகிறது. கட்டமிட்ட ஆல்பமோ படம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்கிறது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை.

வளைகுடாவிலும் இதுவே நிலை. துபாயில் 1909இல் திறக்கப்பட்ட அஞ்சல் நிலையம் இந்திய அஞ்சல் நிலையமே. 1947 வரை அங்கு இந்தியத் தலைகளே வழங்கின. பிறகு சில மாதங்கள் பாகிஸ்தான் தலைகள், 1948 முதல் பிரிட்டிஷ் தலைகள். துபாய் தன் பெயரில் தலை வெளியிட்டது 1963இல்தான். அவ்வாறு தொடங்கியபின் வந்த வெள்ளமும் சொல்லத்தக்கது. அஜ்மான், ஃபுஜைரா, உம்முல் குவைன் முதலிய சின்னஞ்சிறு ஷேக்கு நாடுகளின் பெயரால், வெளிநாட்டு வணிகர்கள் விண்வெளி வீரர், ஓவியம், ஒலிம்பிக் என்று ஆயிரக்கணக்கில் பளபளப்பான தலைகளை அச்சிட்டுத் தள்ளினர். அவற்றுள் பல அந்நாட்டு மண்ணையே மிதிக்காதவை. பெரும் பட்டியல்கள் சில அவற்றை ஏற்க மறுத்தன; ஆகவே ஆல்பங்களில் கட்டமும் இல்லை. 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானபின் இக்கூத்து அடங்கியது. பட்டியலார் மறுத்தது நியாயமே. எனினும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கையில் எடுத்து மகிழ்ந்தவை அப்பளபளப்புத் தலைகளே என்பதால், அவற்றை எறிந்துவிட என் மனம் ஒப்பவில்லை. கடைசித் தாள்களில் அவற்றுக்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

முஸ்லிம் நாடுகளின் தலைகளைக் கட்டத்துக்குள் அடக்குவதிலும் சங்கடம் உண்டு. உதுமானியரின் முதல் தலை 1863இல் வந்தது. அதில் மன்னரின் முகமில்லை, துக்ரா என்னும் எழுத்துச் சித்திரமே இருந்தது. 1871இல் வந்த ஆப்கானிஸ்தானின் முதல் தலைகள் வட்டமானவை. நடுவில் சிங்கமுகம், சுற்றிலும் எழுத்து, ஹிஜ்ரி 1288. முத்திரை குத்துவதற்குப் பதிலாக, தலையில் ஒரு துண்டைக் கிழித்தெடுப்பதே அங்கு வழக்கம். கிழியாத தலையைத் தேடும் நம் சேகரிப்பாளர், கிழிந்த ஆப்கன் தலையைக் கழித்துவிடுவார். அக்கிழிசலே அது பயணம் செய்ததற்குச் சான்று! 1916இல் ஹிஜாஸின் பெயரால் வந்த தலைகள், கெய்ரோவின் பழைய கலை வேலைப்பாடுகளைத் தழுவி வரையப்பட்டு அங்கேயே அச்சிடப்பட்டவை. அவற்றில் ஐரோப்பிய எழுத்து ஒன்றுகூட இல்லை. இன்று அவை பட்டியல்களில் சவூதி அரேபியாவின் தலைப்பின்கீழ் அடங்கிவிட்டன. 1932இல் பிறந்த பெயரின்கீழ் 1916இன் பொருள்!

நாடுகள் பிறப்பதும் மறைவதும் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து தனியாயிற்று, 2002இல் மீண்டும் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி தனியாயிற்று. வீட்டை விட்டு அசையாத ஒருவருக்கு வந்த கடிதங்களின் முகவரியில் மாவட்டப் பெயர் நான்கு முறை மாறியிருக்கும்.

இங்கு என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓதும் பருவத்தில் எனக்குக் கட்டமிட்ட ஆல்பம் ஒன்று கிடைத்தது. கட்டங்களை நிரப்பும் ஆசையில், எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த உறைகளையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துத் தலைகளை உரித்தேன். பாதி முத்திரை உறையோடு போயிற்று. உறை குப்பைக்குப் போயிற்று. எந்த ஊரிலிருந்து, எந்நாளில், எவ்வழியாக வந்தது என்பதெல்லாம் அந்தத் தண்ணீரோடு கரைந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் படிமங்களைத் தேடுவோர், எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காத படிமத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. அந்த அறிவு அன்று எனக்கு இல்லை.

ஆகவே இளைஞரிடம் நான் கூறியது இது: கட்டமிட்ட உலக ஆல்பம் வேண்டாம். தாள்களைக் கழற்றி மாட்டக்கூடிய, எழுத்தில்லாத வெற்றுத்தாள் ஆல்பம் வாங்குங்கள். ஒரு நாடு பெருகினால் தாள் சேர்க்கலாம், இடம் மாற்றலாம். அமிலமில்லாத தாளா என்று கேளுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டா, நம் வெயிலில் அவை நாளடைவில் கசிந்து தலையின் நிறத்தைக் கெடுக்கும். பயன்படுத்திய தலைகளுக்கு ஹிஞ்ச் என்னும் மெல்லிய பசைத்தாள் போதும். பசை கலையாத புதுத் தலைகளுக்கு ஒளிபுகும் சிறு உறையே ஏற்றது. மழைக்காலத்தில் ஆல்பத்தை நெருக்கி அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்; ஈரம் புகுந்தால் பழுப்புப் புள்ளி படரும். இன்னும் பிரிக்காத உறைகளைப் பிரிக்கவே வேண்டாம். முழு உறைக்கென்று தனி ஏடு வையுங்கள். பட்டியல் நூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசையை நீங்களே வகுத்துத் தமிழில் எழுதுங்கள். தமிழ் வரிசையில் இந்தியாவும் இலங்கையும் ஈராக்கும் ஈரானும் ஏறத்தாழ அடுத்தடுத்து அமைவதைக் காண்பீர்கள்.

அவர் திரும்ப வந்தபோது வெற்றுத்தாள் ஆல்பம் ஒன்று கையிலிருந்தது. நாடுகளின் வரிசையை அவர் பின்பற்றவில்லை. பாட்டனார் கப்பலேறிய ஊரிலிருந்து தொடங்கி, அவர் சென்ற வழியையே வரிசையாக்கியிருந்தார். யாரோ கொடுத்த ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைகள் பின்னால் அகர வரிசையில் இருந்தன. துபாய் முத்திரையுடன் கூடிய இந்தியத் தலை ஒட்டிய உறை ஒன்று மட்டும் எந்தத் தாளிலும் ஏறாமல் டப்பாவிலேயே இருந்தது. அதை எங்கு வைப்பது என்று இருவரும் அஸர் தொழுகை நேரம் வரை பேசினோம். அது இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.