கிடங்கின் சாவி யார் கையில்?

ஒரகடத்திலிருந்து திருப்பெரும்புதூர் வரை சாலையோரமெங்கும் கிடங்குகள். லாரி மட்டத்துக்குத் தரையை உயர்த்திக் கட்டி, கார் உதிரிப் பாகங்களை அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் சேரி மக்களுக்கு வரும் அரிசியையும் போர்வையையும் எங்கே இறக்குவது? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது தோழர்களே.

1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்ததை அதில் எழுதினார். அதன் விளைவாக வந்ததுதான் 1892-இன் பஞ்சமி நில ஆணை. எந்த இடத்தில் வாழ்வது என்பதை நம் முன்னோர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? நிவாரணத்துக்கு வைத்த தொட்டியில் தலித் மக்கள் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தடுத்தது அப்போதே செய்தியானது. பொருள் வந்து சேர்ந்தது. ஆனால் அது இறங்கிய இடம் யாருடையது என்பதே, யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின.

ஆகவே நிவாரணக் கிடங்குக்கு இடம் பார்க்கத் தன்னார்வலர்களைப் பழக்கும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். ஏரி நிரம்பினால் கலங்கல் எந்தப் பக்கம் வழியும்? 2015-இல் சுவரில் எதுவரை நின்றது? இதை வரைபடத்தைவிட அங்கே வாழும் மூத்த பெண்கள் சரியாகச் சொல்வார்கள். மழையிலும் லாரி வர இரண்டு வழி உண்டா? பக்கத்தில் ரசாயனம் வைத்திருக்கும் ஆலை இருக்கிறதா? மேடான இடம் கிடைத்தாலும் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

அடுத்தது சாதி. மேடான கட்டடம் பெரும்பாலும் ஊர்த்தெருவிலோ கோயில் மண்டபத்திலோதான் இருக்கும். சேரிப் பெண் இரவு எட்டு மணிக்கு அங்கே தயங்காமல் நுழைய முடியுமா? முடியாதென்றால் அது பாதுகாப்பான இடமல்ல. இரு தெருவுக்கும் பொதுவான பள்ளியைக் கேளுங்கள். இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவியைச் சேரிப் பெண்களின் குழுவிடம் கொடுங்கள். இருப்புக் கணக்கை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. மறுபடியும் வேறு யாரோ முடிவு செய்வார்கள்.