61 பேரில் ஒருவர்

1925இல் அமெரிக்க மருத்துவர்கள் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும், பெரும்பாலும் பிள்ளைகளின் சிறுமூளையில் முளைக்கும் ஒரு கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர் வைத்தார்கள். 1930இல், இந்தக் கட்டியோடு தம்மிடம் வந்த 61 பேரின் கதியைக் குஷிங் வெளியிட்டார். மூன்று ஆண்டுகளைத் தாண்டி உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். அந்தக் காலத்து மூளை அறுவையில் முதல் கை என்று பேரெடுத்தவரின் கணக்கு அது. இன்று இதே கட்டி மற்ற இடங்களுக்குப் பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டு முழுச் சிகிச்சையும் கிடைத்தால், ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஆனால் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அது வாய்க்கவில்லை. 71 நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை ஒப்பிட்டு 2018இல் லான்செட் இதழில் வெளியான கான்கார்ட் ஆய்வு, 2010 முதல் 2014 வரை மூளைக் கட்டி கண்டறியப்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுத்தது. ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஏறத்தாழ 80 விழுக்காடு, பிரேசிலில் 28.9. முதல் வாந்தியிலிருந்து கடைசிநாள் சிகிச்சைவரை ஒரு பிள்ளை கடக்க வேண்டிய வழி எத்தனை இடங்களில் தடைபட்டு நிற்கிறது என்பதே இந்த இடைவெளிக்கு முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். இந்தக் கட்டியின் செல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் மிதந்து போய் வேறிடத்தில் மறுபடி முளைக்கும். கத்தி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1953இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையைச் சேர்ந்த எடித் பேட்டர்சனும் ஃபாரும், மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மூன்று ஆண்டுகளைத் தாண்டியதாக எழுதினார்கள். குஷிங்கின் கணக்கும் இவர்களுடையதும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. என்றாலும் சி.டி. ஸ்கேனும் இந்தக் கட்டிக்கான மருந்துகளும் வராத காலத்தில், கதிர் படும் பரப்பைக் கவனமாகத் திட்டமிட்டே இவ்வளவு தூரம் வர முடிந்தது. கட்டி அடைப்பதால் மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்க்கு நம்பகமான வால்வு 1950களின் நடுவில் கிடைத்தது. அதை உருவாக்கிய ஜான் ஹோல்டர் மருத்துவர் அல்ல. தலையில் நீர் கோத்த தன் மகனுக்காக முனைந்த பிலடெல்பியாத் தொழில்நுட்பர். 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. அதுவரை மூளையின் உட்புறத்தைக் காண, அங்குள்ள நீரை இறக்கிக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் கொடுமையைத்தான் பெரும்பாலும் நாட வேண்டியிருந்தது. மருந்துகளில் வின்கிரிஸ்டின் வந்தது. நம் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. அதையும் சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுத்ததால், கட்டி பரவாத பிள்ளைகளுக்குத் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான கதிர்வீச்சை 36 கிரே அளவிலிருந்து 23.4 ஆகக் குறைக்க முடிந்தது. கதிர்வீச்சு வளரும் மூளையின் கற்கும் திறனையும் உடல் வளர்ச்சியையும் பாதிக்கிறது என்பதால், பிழைத்த பிள்ளைக்கு இந்தக் குறைப்பு பெரிய விஷயம்.

கட்டியின் குணமே விதியைத் தீர்மானிக்கிறது, நாடு என்ன செய்யும் என்று கேட்கலாம். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ஊடுருவிப் பரவும் கட்டியைப் பாருங்கள். நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் மூன்று வயது நிறைவதற்குள் 1962 ஜனவரியில் அதனால் இறந்தாள். ஏழு ஆண்டுகள் கழித்துத் தகப்பன் நிலவில் கால் வைத்தார். இன்றும் அந்தக் கட்டி வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறக்கிறார்கள், பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும். சிகிச்சையே இல்லாத நோயில் நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. சிகிச்சை உள்ள நோயில்தான் பிளவு அகலமாகிறது. கட்டியின் குணம் மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி அமையாது.

பதிவேடுகளை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. தீங்கற்ற கட்டிகளைச் சில நாடுகள் கணக்கில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை; அதனால் விழுக்காடு ஏறி இறங்கும். ஆனால் ஸ்கேன் எடுக்கப்படாமலே, மூளைக்காய்ச்சல் என்றோ வலிப்பு என்றோ பெயர் சூட்டப்பட்டு இறக்கும் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கும்.

வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் பிள்ளைகளை இழக்கும் நாடு மூளைக் கட்டிக்குச் செலவு செய்யலாமா என்பது இன்னும் கடினமான கேள்வி. அதைப் புறந்தள்ள மாட்டேன். ஆனால் எல்லாமே புதிதாக வாங்க வேண்டியவை அல்ல. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும் சென்னையில் பி. ராமமூர்த்தி 1950இலும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கினார்கள். கைத்திறன் நம் மண்ணுக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2030க்குள் உலகெங்கும் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 60 விழுக்காட்டினராவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. முதலில் கவனிக்க வேண்டிய ஆறு நோய்களில் மெதுவாக வளரும் கிளையோமா என்ற மூளைக் கட்டியையும் சேர்த்தது. அதில் பல பிள்ளைகளுக்கு முழுமையான அறுவையே போதும். பற்றாக்குறை பெரும்பாலும் அறுவைக்கு முன்னும் பின்னும்தான்: கட்டி என்று சந்தேகிக்க ஆள் இல்லை, ஆறு வாரக் கதிர்வீச்சுக்காக நகரத்தில் தங்கக் கூலிவேலைக்காரப் பெற்றோரிடம் பணம் இல்லை, பாதியில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிரிட்டனிலேயே, அறிகுறி தொடங்கி நோய் தெரிய இடைநிலை அளவில் 14 வாரம் ஆனது. 2011இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கம் அறிகுறிகளை அச்சிட்ட சிறு அட்டைகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தது. சில ஆண்டுகளில் அந்தத் தாமதம் ஏழு வாரத்துக்கும் கீழே இறங்கியது.

அந்த அட்டையில் இருப்பவற்றை இங்கேயும் சொல்லிவிடலாம். காலையில் எழுந்ததும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, தள்ளாடும் நடை, ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கும் தலை, புதிதாக வந்த மாறுகண். இவை விடாமல் தொடர்ந்தால், அஜீரணம் என்று விட்டுவிடாமல் பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.