பட்டியலும் கடப்பாரையும்: பெங்களூரின் பழம்பேட்டைகளைக் காக்கும் விதிகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

பெங்களூரில் கப்பன் பூங்காவின் விளிம்பில், விதான சௌதாவுக்கு நேரெதிரே, செங்காவி நிறத் தூண்வரிசையோடு நீண்டு நிற்கும் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டு அவ்விடத்தில் புதுக் கட்டடம் எழுப்பலாம் என்ற யோசனை 1980-களில் கிளம்பியபோது, அதைத் தடுக்க வேண்டிப் பிரஜைகள் தொடுத்த வழக்கு, எந்தக் கட்டடத்தின் ஆயுள் விவாதப் பொருளாக இருந்ததோ அந்தக் கட்டடத்துக்குள்ளேயே விசாரிக்கப்பட்டது. ஏனெனில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூடுமிடமே அதுதான். கமிஷனர் பௌரிங்கின் ஆட்சிக்காலத்தில், 1864 முதல் 1868 வரை, பதினெட்டு இலாகாக்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவதற்காக சாங்கி என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி எழுந்த அந்த மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பதும், பின்னர் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பெங்களூரில் பள்ளி தொடங்கியவர் அவரே என்பதும் தமிழர் பலர் மறந்துவிட்ட விஷயங்கள்.

கட்டடம் பிழைத்தது. இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிச் செல்வது வழக்கம். நான் இதில் காண்பது வேறு. ஒரு நகரத்தின் தலைசிறந்த பொதுக்கட்டடம் பிழைப்பதற்கு நகர நிர்வாகத்தின் விதி எதுவும் முன்வந்து கைகொடுக்கவில்லை. சிரத்தையுள்ள சிலர் நியாயஸ்தலத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அட்டாரா கச்சேரிக்காக வாதாட ஆள் கிடைத்தது. பசவனகுடியில் ஓர் ஓட்டு வீட்டுக்காகவும் பலேபேட்டையில் ஒரு தூண்திண்ணைக்காகவும் யார் வழக்குத் தொடுக்கப் போகிறார்கள்? இடிப்பதற்கும் புதிதாய்க் கட்டுவதற்கும் எந்தக் கை அநுமதி தருகிறதோ, அந்தக் கையில்தான் காக்கும் விதியும் இருந்தாக வேண்டும் என்பதும், பெங்களூரில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்துவந்ததே இழப்புகளின் மூலகாரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புராதனச் சின்னங்களுக்கென்று நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு 2010இல் வந்த திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தை விலக்கி, அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை கட்டுப்பாடு விதிக்கின்றன; மாநிலத்துக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. திப்பு சுல்தானின் கோடை அரண்மனையும், கோட்டையில் எஞ்சிய டில்லி வாசலும் மத்தியச் சட்டத்தின் நிழலில் நிற்கின்றன. ஆனால் இச்சட்டங்களின் கண் ஒற்றைச் சின்னத்தையே பார்க்கப் பழகிய கண். ஒரு நகரத்தின் பழமை அரண்மனையில் மட்டுமா இருக்கிறது? 1537இல் கெம்பே கௌடர் வகுத்ததாகச் சொல்லப்படும் பேட்டையின் தெருக்களையே எடுத்துக்கொள்வோம்: அக்கிப்பேட்டை, பலேபேட்டை, சிக்பேட்டை, தரகுப்பேட்டை என்று, அரிசிக்கும் வளையலுக்கும் தானியத்துக்கும் தெருப்பெயரே விலாசமாக இருக்கிறதே, அந்த அமைப்பில் எந்த ஒரு வீட்டையும் தனியே எடுத்து இது சிற்ப அதிசயம் என்று காட்ட முடியாது, வீடும் கடையும் கோயிலும் தர்காவும் குறுகிய தெருவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே அங்குள்ள அழகு, அங்குள்ள சரித்திரம். ஒன்றை உருவினால் வரிசை குலையும். 1809இல் பிறந்த கன்டோன்மென்ட்டுக்கும், பட்டாளத்தோடு வந்த தமிழ்க் கொத்தனாரும் தச்சரும் வணிகரும் குடியேறிய அல்சூருக்கும், 1898இன் பிளேக் நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்க விரைந்து வளர்க்கப்பட்ட பசவனகுடிக்கும் மல்லேசுவரத்துக்கும் இது பொருந்தும். இவ்விடங்களில் காக்கப்பட வேண்டியது கட்டடம் அன்று, வட்டாரம்.

அந்த வட்டாரங்களின் முகம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஓர் உறுப்பை அருகில் நின்று பார்த்தால் போதும். பெங்களூரின் பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேலும் முகப்புக்கு மேலும் கூர்முனையோடு மரத்தாலான ஒரு கூம்புத் தொப்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஊரார் அதை மங்கி டாப் என்பார்கள், குரங்குகள் வந்து உட்காருவதால் அப்பெயர் என்றும் சொல்வார்கள். நுனி சீவப்பட்ட மெல்லிய மரப்பட்டைகள் நெருக்கமாகத் தொங்கி, சாரலையும் மேற்கு வெயிலையும் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடும். ஒரு பட்டை உளுத்தால் அதை மட்டும் கழற்றி வேறு பட்டை அடிக்கலாம். உள்ளே போனால் காவிச் சிமெண்டுத் தரை; தலைக்கு மேல், மரக்கட்டைகளின்மீது செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம். இந்தத் தொழில்நுட்பத்தை அறிந்த கைகள் அருகிவருகின்றன. இடித்த வீடுகளின் கூம்புத் தொப்பிகள் பழைய மரக்கடைகளின் வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம், ஒரு தெருவின் முகவரி எடைக்கு விற்கப்படுவதாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கர்நாடக நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1961ஆம் ஆண்டுக்குரியது. மரபுக் கட்டடம் என்பதற்குப் பின்னாளில் அதில் சேர்க்கப்பட்ட இலக்கணம், சிற்பச் சிறப்போ சரித்திர, கலாசார மதிப்போ உடைய கட்டடம் என்பதோடு நில்லாமல், நிபுணர் குழுவால் இனங்காணப்பட்டு உரிய அதிகாரஸ்தாபனத்தால் பிரகடனம் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முதற்பகுதி அறிஞர்களுக்கு உரியது; உயிர்நாடி பின்பகுதியில் இருக்கிறது. பிரகடனம் செய்யப்படாத கட்டடம், அது எவ்வளவு மகிமை வாய்ந்ததானாலும், சட்டத்தின் கண்ணுக்கு வெறும் செங்கல் குவியலே. ஆகவே பட்டியல் தயாரிப்பது பாதுகாப்பு ஆகாது. பட்டியலைப் பிரகடனமாக்குவதே பாதுகாப்பின் முதற்படி.

இந்த இடைவெளியில்தான் பெங்களூரின் துரதிருஷ்டம் அமைந்தது. 1976இல் நிறுவப்பட்ட பெங்களூர் நகரக் கலை ஆணையம், நகரத்தின் தோற்றப்பொலிவு குறித்து அரசுக்கு ஆலோசனை கூறி வந்ததோடு, மரபுக் கட்டடங்களை எண்ணிப் பட்டியலிடும் வேலையிலும் ஈடுபட்டது. அப்படி எண்ணப்பட்டவை எண்ணூறுக்கு மேற்பட்டவை. ஆனால் அது சொல்லலாம், தடுக்க முடியாது. 2001இல் அந்த ஆணையமும் கலைக்கப்பட்டது. பட்டியல் இருந்தது, பட்டியலில் இருந்தவை ஒவ்வொன்றாக மறைந்தன. பெங்களூர் வளர்ச்சி ஆணையம் 2017இல் வெளியிட்ட 2031ஆம் ஆண்டுக்கான பெருந்திட்ட வரைவு, ஒற்றைக் கட்டடத்தை விட்டு வட்டாரத்தை நோக்கித் திரும்பி, கோட்டையும் பேட்டையும், பசவனகுடியும் கவிபுரமும், மல்லேசுவரம், அல்சூர், கிளீவ்லண்ட் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், ஒயிட்ஃபீல்டின் உள்வட்டம் முதலான 12 மரபு மண்டலங்களை அடையாளம் காட்டியது. சரியான திசையில் வைத்த அடி அது. அந்த வரைவு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அண்மையில் மண்டல விதிகளில் மரபுக் கட்டடங்களுக்கான ஏற்பாடுகள் சேர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் திட்டம் வகுத்தது ஒரு ஸ்தாபனம், கட்டட வரைபடத்துக்கு அநுமதி அளித்தது மாநகராட்சி என்ற நெடுநாள் பிளவின் வடு எளிதில் ஆறுவதில்லை.

தனியாரின் பேராசையே எல்லா நாசத்துக்கும் காரணம் என்று எழுதிவிடுவது சுலபம். உண்மை அதுவன்று. லால்பாக்கில் நூற்றைம்பது ஆண்டுப் பழமை வாய்ந்ததாகக் கருதப்பட்ட கிரும்பிகல் மண்டபம், பராமரிப்பின்றிக் கிடந்து, கூரை சரிந்து, 2017 நவம்பரில் முற்றாகத் தரைமட்டமாக்கப்பட்டது. அது அரசு நிலம், அரசுத் தோட்டம். அந்தப் பூங்காவையும் நகரத்தின் சாலையோர மரங்களையும் உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயர் தாங்கிய மண்டபத்துக்கே இக்கதி நேர்ந்ததென்றால், விதி முதலில் கட்டுப்படுத்த வேண்டியது யாரை என்பதில் ஐயம் எழ இடமில்லை. அரசு இலாகாக்களின் கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கும் எந்த மரபு விதியும் பாதி விதியே.

பிற நகரங்கள் என்ன செய்தன? அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரசபை 1931லேயே தன் பழைய வட்டாரத்துக்கு எல்லை குறித்து, முகப்பை மாற்ற விரும்புவோர் ஒரு சபையின் முன் வரைபடத்தை வைத்து இசைவு பெற வேண்டும் என்று விதித்தது. நியூயார்க் தன் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இழந்த துயரத்திலிருந்து 1965இல் சட்டம் கண்டது. அச்சட்டத்தை எதிர்த்து ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கில், 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. நம் நாட்டில் வழிகாட்டிய நகரம் பம்பாய். 1995இல் அங்கு அமலான மரபு ஒழுங்குவிதிகள் கட்டடங்களைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்று வரையறுத்து, கோட்டைப் பகுதி போன்ற முழு வட்டாரங்களையும் பட்டியலில் ஏற்றி, நிபுணர் குழுவின் கருத்தைக் கேட்ட பின்பே மாநகராட்சி ஆணையர் அநுமதி தரவேண்டும் என்று ஆக்கின. குழுவின் கருத்தும் அநுமதியின் கையெழுத்தும் ஒரே கோப்பில் சந்திக்கும்படி செய்ததே அதன் சாமர்த்தியம். சென்னை இவ்வழியில் பிந்தியது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2010இல் உயர் நீதிமன்றம் இடிபடாமல் காத்தது. காத்த பின்பும் அது பூட்டிக் கிடந்து சிதைந்து வந்ததைக் கண்டவர்கள், இடிக்காதே என்னும் ஆணைக்கும் பேணு என்னும் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரத்தை உணர்வார்கள்.

வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது தர்மமாகாது. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பி வாடகை குவியும்போது, என் பாட்டனார் கட்டிய வீட்டை நான் மட்டும் ஏன் நகரத்தின் கண்ணுக்கு விருந்தாக வைத்திருக்க வேண்டும், ஒழுகும் ஓட்டை மாற்ற யார் பணம் தருவார் என்று அவர் கேட்டால், கலாசாரம் என்ற ஒரு சொல் விடையாகாது. விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. கட்ட இயலாது போன தளப்பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ இடந்தரும் வளர்ச்சி உரிமை மாற்றத்தை, அதாவது ஊரார் டி.டி.ஆர். என்று சொல்வதை, பம்பாய் மரபுக் கட்டட உரிமையாளர்களுக்கு அளித்தது. நியூயார்க் வழக்கிலும் இத்தகைய உரிமை இருந்தது நீதிபதிகளின் கருத்தில் எடைபோடப்பட்டது. பெங்களூருக்கும் இக்கருவி புதிதன்று. வருந்தத்தக்கது என்னவெனில், இங்கே அது முதன்மையாகச் சாலையை அகலப்படுத்தக் கொடுத்த நிலத்துக்கு ஈடாகவே வழங்கப்பட்டு வந்தது: பழைய முகப்பை இழந்தவருக்குக் கிடைத்த சலுகை, காத்தவருக்கு எட்டவில்லை. இதைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சொத்துவரியில் குறைப்பும், பழுதுபார்க்கச் சிறு மானியமும், பழைய வீட்டில் உணவு விடுதியோ நூற்கடையோ நடத்த எளிய இசைவும் மீதிப் பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

விதி எங்கே எழுதப்பட வேண்டும் என்பதற்கும் பெங்களூர்க்காரர்களின் அன்றாட வழக்கிலேயே விடை உண்டு. இந்நகரத்தில் சொத்து வாங்குபவர் முதலில் கேட்பது கட்டாவை. மாநகராட்சிப் பதிவேட்டில் சொத்தின் அளவையும் உடையவரையும் வரியையும் காட்டும் அந்த ஒற்றைத் தாளில், இது மரபுக் கட்டடம், இன்ன தரம், இன்ன மண்டலம் என்று ஒரு வரி சேருமானால், வாங்குபவர் அறிந்தே வாங்குவார். வங்கி அறிந்தே கடன் கொடுக்கும். வரைபடம் அநுமதிக்கும் அதிகாரி தெரியாது என்று சொல்ல வழியிராது. அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் கோப்பு மரபுக் குழுவுக்குச் செல்ல வேண்டும். குழுவும் குறித்த நாட்களுக்குள் காரணங்களோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் பதில் வராத கோப்பே பலரைக் கடப்பாரையின் பக்கம் தள்ளுகிறது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடலையும் கலாசார, அழகியல் வளர்ச்சியையும் நகராட்சிகளுக்குரிய காரியங்களாகவே எண்ணியிருக்கிறது. ஆனால் பெங்களூரின் மாநகர மன்றம் 2020 செப்டம்பரில் காலம் முடிந்தபின் தேர்தலின்றிக் கிடந்தது. 2025இல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. புதிய ஸ்தாபனங்கள் தங்கள் பதிவேடுகளைப் புதிதாய் எழுதும் இத்தருணத்தைவிட அந்த ஒரு வரியைச் சேர்க்க நல்ல தருணம் வாய்க்காது.

சண்டிகரின் பழைய வட்டாரங்களில் வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து விற்பதைத் தடுத்து 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திட்டமற்ற வளர்ச்சி ஒரு நகரத்தை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பெங்களூரைத்தான் குறிப்பிட்டது. பிறருக்கு எச்சரிக்கையாக நம் ஊர் சுட்டப்பட்டதைப் படித்தபோது அடைந்த வேதனை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மிச்சமிருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டையின் தெருக்களுக்கு மரபு விதி வந்தாலும், சாலையின் அகலத்தையும் வீட்டைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடத்தையும் நிர்ணயிக்கும் பொதுவிதி அவற்றின்மேல் அப்படியே இருக்குமானால், பழைய வீட்டைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர் தெருவை ஒட்டிய தன் திண்ணையை முதலில் இழக்க நேரும். சிக்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டியே வீடு பிறந்தது; அங்கே நான்கு புறமும் இடம் விடு என்பது, வீட்டை வைத்துக்கொள் ஆனால் தெருவை விட்டுவிடு என்பதற்கு ஒப்பாகும். அம்மண்டலங்களுக்கு அவற்றின் பழைய அளவுகளே விதியாக வேண்டும்: திண்ணையின் ஆழம், முகப்பின் உயரம், தெருவின் அகலம் ஆகியவற்றை இன்றே ஒருவர் நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் சென்று, தெருத் தெருவாக அளந்து வரவேண்டும்.