கணக்கில் வராத உறவு

இறந்தோருக்கான ஆண்டு நினைவுத் திருப்பலியில் உற்றார் உறவினர் கூடுவது இயல்பே. நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலோ, இரத்த உறவுக்கு அப்பாற்பட்ட சிலரையும் அக்கூட்டத்தில் நாம் காண்கிறோம். இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை வேண்டும் என்று வினவினால், "ஒரே லயத்துக்காரர்கள்" என்பதே விடையாக வரும். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அச்சிறு விடைக்குள் அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்கவென்று தமிழகத்து ஏழை மக்கள் இலங்கையின் மலைநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த உறைவிடமே லயம். நீண்டதொரு கட்டடம், அதில் வரிசையாக ஒற்றை அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். அந்த அறையைக் காம்பரா என்பார்கள். ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்தன. ஊரையும் உறவையும் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்களுக்குப் பேறுகாலத்திலும் நோயிலும் சாவிலும் கைகொடுத்தவர் பக்கத்துக் காம்பராக்காரரே. கத்தோலிக்கக் குடும்பங்களில் அவரே குழந்தைக்கு ஞானத்தந்தையும் ஆனார். அயலார் இவ்வாறு உறவினராயினர்.

1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டோருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எவருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ, அவர்களை எவரும் கலந்து பேசவில்லை.

இக்கணக்கில் ஆட்களுக்கு இடம் இருந்தது. அயலாரின் உறவுக்கு இடம் இல்லை. ஒரு காம்பராவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அடுத்த காம்பராவுக்கு வரவில்லை. தலைமன்னாருக்குச் சென்ற தொடர்வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். அப்பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம். அதன்பின் சிலர் 1968-இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் நூற்பாலைகளுக்கும், சிலர் கர்நாடகத்தின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1984-இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் ஒருவர் மற்றவரின் முகவரி அறியாமல் சிதறினர்.

சிதறியோரை ஒன்றுசேர்க்கும் இடமாக நினைவுக் கூட்டங்கள் அமைந்துவிட்டன. அங்கே முதியோர் மூன்று கேள்விகளைக் கேட்கக் கேட்டிருக்கிறோம். "எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்? அப்பா பேர் என்ன?" இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் போதும்; அரை நூற்றாண்டு இடைவெளி அகன்றுவிடும்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தந்தையின் நினைவு நாளில் நாம் கண்டது இது. அவர் நாள்தோறும் இரவுச் செபத்தின் முடிவில் ஒருவர் பெயரைச் சொல்லி வேண்டிவந்தார். அவர் யாரெனப் பிள்ளைகள் கேட்டதில்லை, தந்தையும் சொன்னதில்லை. திருப்பலிக்குப்பின் உணவருந்தும் வேளையில், கூடலூரிலிருந்து வந்த ஒரு முதிய பெண்மணியிடம் அம்மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டன. அவர் தம் தந்தையின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் திகைத்து நின்றனர். இரவுதோறும் அவர்கள் வீட்டில் ஒலித்த பெயர் அதுவே. பக்கத்துக் காம்பராவில் வாழ்ந்த அவரே தங்கள் மூத்த அண்ணனின் ஞானத்தந்தை என்பதையும் அன்றுதான் அறிந்தனர். இரு குடும்பங்களும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மாவட்டத்தில் வாழ்ந்திருந்தன. ஆனால் தேடியவரும் தேடப்பட்டவரும் அதற்குள் மறைந்துவிட்டனர்.

புனிதர்களின் சமூக உறவை நாம் விசுவசிக்கிறோம். இறந்தோருக்கும் வாழ்வோருக்கும் இடையே அன்பின் பிணைப்பு அறுவதில்லை என்பது அதன் பொருள். அந்தத் தந்தை செபத்தில் காத்துவந்த நட்பை, அவர் இறந்தபின் பிள்ளைகள் கையில் பெற்றுக்கொண்டனர்.

எனினும் ஒரு கவலை நம்மை உறுத்துகிறது. 1970-இல் இருபது வயதில் கப்பலேறியவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். தோட்டத்தின் பெயரையும் லயத்தின் எண்ணையும் அறிந்த தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகிறது. அவர்களுக்குப் பின்னர் அக்கேள்விகளைக் கேட்க ஆளிருந்தாலும் விடை சொல்ல ஆளிராது. ஆகவே நம் வீட்டு முதியோரிடம் இன்றே கேட்போம். பழைய ஞானஸ்நானச் சான்றிதழ்களில் ஞானப்பெற்றோர் பெயர்களைத் தேடிப் படிப்போம். குடும்ப விவிலியத்தின் முதல் பக்கத்தில் அவற்றை எழுதிவைப்போம். இரு அரசுகள் எண்ணாமல் விட்ட உறவை நாமாவது எண்ணி வைப்போம். அடுத்த சந்திப்பு ஒரு கல்லறையருகே நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.