விடை கூறாத வன்தட்டு



பாடசாலையிலே காலைப் பொழுதில் ஆசிரியர் வரவு இடாப்பை விரித்துப் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கின்றார். ஒரு பெயருக்கு மறுமொழி இல்லை. அம்மாணவன் வரவில்லையா, அன்றி வந்திருந்தும் சாளரத்துக்கு வெளியே பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றானா? அனுபவமுள்ள ஆசிரியர் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார், மறுபடியும் அழைப்பார். ஆயினும் வகுப்பு முழுவதையும் காக்கவைத்து அவன் ஒருவனுக்காக அரைமணி நேரம் நிற்கமாட்டார். எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்பொழுது 'இல்லை' என்று எழுதுவது என்னும் இச்சிறு வினா கணினி உலகத்திலும் உண்டு. அங்கே இதற்குப் பிழையான விடை கண்டமையால், கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் அலுவலகங்களின் கணக்கேடுகளும், ஆராய்ச்சியாளரின் குறிப்புகளும், குடும்பங்களின் நிழற்படங்களும் அழிந்துபோயிருக்கின்றன. அந்த வினாவின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

வன்தட்டின் கதை ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகின்றது என்று கூறினால் நேயர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து உயர்நிலைப் பாடசாலையொன்றிலே விஞ்ஞானம் கற்பித்தவர் றெனோல்ட் ஜோன்சன். விடைத்தாள் திருத்துவதன் சலிப்பை நன்கறிந்த அவர், பென்சிற் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்னும் உண்மையை வைத்து, மாணவர் இட்ட பென்சிற் குறிகளைத் தானே எண்ணிப் புள்ளியிடும் பொறியொன்றை ஆக்கினார். சிறுவயதில், தம் தமக்கையரைக் காணவந்த இளைஞரின் மோட்டார் வண்டிகளிலே தீப்பொறிச் செருகியிற் பென்சிலாற் கீறிவைத்து, வண்டி கிளம்பாமற் செய்து விளையாடியவர் அவர் என்றும், அந்தக் குறும்பே பிற்காலத்தில் இப்பொறியாயிற்று என்றும் சொல்வார்கள். குறும்புக்காரப் பிள்ளைகளைத் தண்டிக்குமுன் ஆசிரியர்கள் இதனைச் சற்று நினைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1934 இல் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. கலிபோர்னியாவின் சன் ஹொசே நகரில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுகூடமே 1956 இல் 'றமாக்' என்னும் கணினியையும், அதனோடு உலகின் முதலாவது வன்தட்டுச் சேமிப்பகத்தையும் வெளியிட்டது. இரண்டடி விட்டமுடைய ஐம்பது தட்டுகள் ஓர் அச்சிலே கோக்கப்பட்டு நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஏறக்குறைய ஒரு தொன் நிறையுள்ள அப்பெட்டி தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துக்கள். இன்று கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அது போதுமோ என்னவோ.

காந்தப் பூச்சிலே பதிந்த எழுத்து எக்காலமும் தெளிவாக இருப்பதில்லை. தூசு, தேய்வு, வெப்பம், அதிர்வு எனப் பல காரணங்களால் ஓரிடம் மங்கிப்போகும். மங்கியதைக் கண்டுபிடிப்பதோடு நில்லாது திருத்தவும் இயலுமா என்று கேட்டவர் பெல் ஆய்வுகூடத்துக் கணித அறிஞர் றிச்சட் ஹமிங். வார இறுதியில் ஆளில்லாத வேளையிலே அவருடைய கணக்கை ஏற்ற கணினி, பிழை கண்டவுடன் அதனைக் கைவிட்டு அடுத்தவர் கணக்குக்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்து ஏமாந்த அவர், பிழை உண்டென்று அறியும் இயந்திரம் அது எங்கே என்று அறிந்து தானே ஏன் திருத்தக்கூடாது என எண்ணினார். அந்த எரிச்சலின் பயனாக 1950 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பிழை திருத்தும் குறிமுறைகள் என்னும் துறைக்கே வித்தாயிற்று. அதன் வழிவந்த முறைகள் பின்னர் வன்தட்டுகளுள்ளும் புகுந்தன.

முதலிலே வன்தட்டுக்குச் சொந்த அறிவு குறைவு. கணினியே அதன் கையைப் பிடித்து நடத்தியது. 1980களின் நடுப்பகுதியில் நிலைமை மாறிற்று. தட்டை நடத்தும் மின்சுற்று தட்டின் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டது. கணினி இனி 'இந்த இலக்கமுள்ள கூற்றைக் கொடு' என்று கேட்டால் போதும். எப்படிக் கொடுப்பது என்பது தட்டின் பொறுப்பு. கேட்ட இடம் மங்கியிருந்தால், தட்டு மீண்டும் மீண்டும் வாசித்துப் பார்க்கும். வாசிக்கும் தலையைச் சற்று இப்பாலும் அப்பாலும் நகர்த்திப் பார்க்கும். திருத்தக் குறிகளை வைத்துக் கணிக்கும். இம்முயற்சி சில தட்டுகளில் இரண்டு நிமிடம் வரையும், அதற்கு மேலும் நீளும். அவ்வளவு நேரமும் தட்டு வேறெந்தக் கேள்விக்கும் மறுமொழி கூறாது.

இதனைக் குறை என்று சொல்வதற்கில்லை. வீட்டுக் கணினியில் இருப்பது ஒரே தட்டு. அதிலுள்ள கடிதத்துக்கு வேறு பிரதி இல்லை. அங்கே விடாமுயற்சியே பெருங்குணம். கணினி இரண்டு நிமிடம் உறைந்து நின்றாலும் கடிதம் கிடைத்தால் உரியவர் மகிழ்வார்.

இனி மற்றைக் கிளைக்கு வருவோம். 1988 இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றன்டி காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றை ஓரணியாக நிறுத்தலாம் என்பது அவர்கள் வாதம். அவ்வணிக்கு அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துக்களே 'றெயிட்' என்னும் சொல். வேகம் கூடும், செலவு குறையும். ஆனால் ஒரு சங்கடம். ஒரு தட்டு சராசரி 30,000 மணித்தியாலம் உழைக்குமாயின், நூறு தட்டுகள் கொண்ட அணியில் 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்துக்குள், ஏதோ ஒரு தட்டுப் பழுதாகும். ஆகவே பழுதைத் தாங்கும் உபாயம் வேண்டும்.

உபாயம் நம் மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்கது. நான்கு பிள்ளைகளின் புள்ளிகள் 62, 48, 71, 55 எனவும், கூட்டுத்தொகை 236 எனவும் எழுதிவைக்கின்றோம். மை சிந்தி 71 மறைந்துவிட்டது. கூட்டுத்தொகையிலிருந்து மற்றை மூன்றையும் கழித்தால் மறைந்தது மீளும். றெயிட் அணியில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒற்றை இரட்டைக் கணக்கு எழுதப்படுகின்றது, தத்துவம் அதுவே. ஆனால் இங்கே இரண்டு நிபந்தனைகள் உள. மறைந்தது எந்த எண் என்று தெரிந்திருக்கவேண்டும். மறைந்தது ஒன்றாகவே இருக்கவேண்டும். இரண்டு மறைந்தால் இரண்டும் போயின.

முதல் நிபந்தனையைப் பற்றி அம்மூவரும் அதிகம் கவலைப்படவில்லை. பழுதுற்ற தட்டு எது என்பதைக் கட்டுப்படுத்தும் கருவி அறியும் என்று கொண்டனர். பழுதாயிற்று என்றும் சொல்லாமல், நலம் என்றும் சொல்லாமல் மௌனம் சாதிக்கும் தட்டை என் செய்வது? இவ்வினாவின் கடுமையை வேறொரு மூவர் 1985 இலேயே கணித முறையில் காட்டியிருந்தனர். மைக்கேல் பிஷர், நான்ஸி லின்ச், மைக்கேல் பற்றேசன் என்போர் அவர்கள். இந்தப் பற்றேசன் வேறு, முன்சொன்ன பற்றர்சன் வேறு. செய்தி வந்து சேரக் காலவரையறை இல்லாத ஒரு கூட்டத்தில், ஒரே ஒரு பொறி நின்றுவிடக்கூடும் என்ற நிலையிலும், ஏனையவை ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என உறுதி கூற இயலாது என்று அவர்கள் நிறுவினர். தாமதிப்பவனையும் மாண்டவனையும் தூரத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பதே அதன் சாரம். பொறியியலாளர் செய்யக்கூடியது, ஒரு தவணை குறித்து, அதற்குள் விடை வராவிட்டால் மாண்டதாகக் கொள்வதே. தவணை குறிப்பது ஊகமேயன்றி அறிவு அன்று.

இவ்விரு கிளைகளும் சந்தித்த இடத்தில்தான் விபத்து நேர்ந்தது. வீட்டுக் கணினிக்கென விற்ற மலிவான தட்டுகளைப் பலர் வாங்கி அணியாக நிறுத்தினர். லினக்ஸ் இயங்குதளம் ஒரு தட்டின் மறுமொழிக்கு வழமையாக முப்பது விநாடி பொறுக்கும். தட்டோ மங்கிய கூறொன்றுடன் இரண்டு நிமிடம் போராடும். முப்பது விநாடி கழிந்ததும் கணினி தொடர்பை அறுத்து மீளத் தொடங்குகின்றது. தட்டு அதற்கும் வாய் திறப்பதில்லை. உடனே அது பழுதென்று தீர்க்கப்பட்டு அணியிலிருந்து விலக்கப்படுகின்றது. தட்டின் கோடிக்கணக்கான கூறுகளுள் மங்கியது ஒன்றே. ஏழு விநாடியில் 'இதனை என்னால் வாசிக்க முடியவில்லை' என்று அது ஒப்புக்கொண்டிருக்குமானால், அணி ஏனைய தட்டுகளிலிருந்து கணித்து எடுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதியிருக்கும். அவ்விடம் கெட்டிருந்தால் தட்டு தானே வேறோரிடத்தை அதற்கு ஒதுக்கியிருக்கும். எவரும் அறியாமலே யாவும் சீர்ப்பட்டிருக்கும்.

விபத்து அத்துடன் முடிவதில்லை. புதிய தட்டொன்றை இட்டு அணியை மீளக் கட்டத் தொடங்குவர். அதற்கு எஞ்சிய தட்டுகளின் ஒவ்வோர் அங்குலத்தையும் வாசிக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் தொடாத மூலையிலே மங்கிய கூறு மற்றொன்று காத்திருக்கும். பதினைந்து இலட்சத்து முப்பதாயிரம் தட்டுகளை முப்பத்திரண்டு மாதம் அவதானித்து 2007 இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் நூற்றுக்கு 3.45 பங்கில் இத்தகைய மறைபிழைகள் தோன்றியதைக் கண்டது. அக்கூற்றைத் தொட்டவுடன் இரண்டாவது தட்டும் மௌனமாகின்றது, அதுவும் விலக்கப்படுகின்றது. இரண்டு எண்கள் மறைந்த கணக்காயிற்று. சில ஆயிரம் எழுத்துக்கள் மங்கியதற்காக முழு நூலகமும் பூட்டப்படுகின்றது.

மருந்து இல்லாமற் போகவில்லை. தட்டின் விடாமுயற்சிக்கு எல்லை குறிக்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர் தத்தம் பெயரிட்டுக் கொண்டுவந்தனர். பின்னர் அது பொது நியமத்திலும் இடம்பெற்றது. பத்தில் ஒரு விநாடி அளவில் எழுபது என்று குறித்தால் தட்டு ஏழு விநாடியில் முயற்சியை விட்டு உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் வேடிக்கை யாதெனில், வேண்டியது தட்டின் உள்நிரலில் ஒரு சிறு வசதியே எனினும், மலிவான தட்டுகள் பலவற்றில் அது வைக்கப்படவில்லை. அணிக்கென விற்ற விலைகூடிய தட்டுகளில் வைக்கப்பட்டது. றெயிட் என்னும் பெயரில் 'மலிவான' என்று பொருள்பட்ட எழுத்துக்குப் பின்னாளில் 'சுதந்திரமான' என்று பொருள் மாற்றினார்கள். வணிகம் அகராதியையும் திருத்தும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நான் கண்டதில்லை. எல்லை குறிக்க இயலாத தட்டுகளை வைத்திருப்போர், கணினியின் பொறுமையை முப்பதிலிருந்து நூற்றெண்பது விநாடியாக உயர்த்தினர். அலுவல் இடையிடையே உறைந்து நிற்கும். ஆயினும் அணி பிழைக்கும்.

2020 இல் இதே நாடகம் வேறு வேடத்தில் நடந்தது. கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் படிய எழுதும் முறையொன்று உண்டு. இடம் மிகும், ஆனால் ஒன்றை மாற்றின் அயலையும் மாற்றி எழுதவேண்டும். வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் அணிகளுக்கென விற்ற தட்டுகள் சிலவற்றில் வாங்குவோருக்குத் தெரிவியாமலே இம்முறையைப் பயன்படுத்தியிருந்தமை அவ்வாண்டு ஏப்பிரலில் வெளிப்பட்டது. அணியை மீளக் கட்டும்போது இடைவிடாது எழுதவேண்டியிருந்தமையால் அவை திணறி மௌனமாயின. நலமான புதுத்தட்டுகள் பழுதென்று விலக்கப்பட்டன.

உண்மையில் விலக்கப்பட்டவற்றுள் எத்தனை பழுதானவை? 1988 ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூவருள் ஒருவரான கார்த் கிப்சன், பியங்கா ஷ்றோடர் என்பாருடன் சேர்ந்து 2007 இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தார். வாடிக்கையாளர் பழுதென்று திருப்பியனுப்பிய தட்டுகளில் நூற்றுக்கு 43 இல் யாதொரு குறையும் காணவில்லை என்று ஒரு தயாரிப்பாளர் கூறியதை அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

ஆகையால் இவ்வரலாறு அறிந்த தொழினுட்பவியலாளர் தட்டைக் கழற்ற விரைவதில்லை. முதலிற் குறிப்பேட்டை வாசிப்பார். ஒரே கணத்திற் பல தட்டுகள் மௌனமாயினவா? அப்படியாயின் மின்வழங்கியையோ, வடத்தையோ, கட்டுப்படுத்தும் அட்டையையோ ஐயுறுவார். தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கையும் பார்ப்பார். அங்கே தொடர்பாடற் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் குற்றம் வடத்தில் இருக்கக்கூடும். வாசிக்கமுடியாத கூறுகளின் எண்ணிக்கை ஏறியிருந்தால் தட்டிலேயே. அணி முற்றாக விழுந்துவிட்ட வேளையிலும், புதிதாக அணி அமைக்கும் கட்டளையை அவர் மறந்தும் இடமாட்டார். லினக்ஸ் அணியின் ஒவ்வொரு தட்டும் தான் பங்குகொண்ட நிகழ்ச்சிகளுக்கு ஓர் எண்ணிக்கை எழுதிவைக்கின்றது. இருந்த தட்டுகளில் 41,208 என்றும், விலக்கப்பட்ட தட்டில் 41,203 என்றும் இருந்தால், அது போய் ஐந்து நிகழ்ச்சிகளே கழிந்தன என்று பொருள். இயலுமாயின் ஒவ்வொரு தட்டுக்கும் முதலிற் பிரதி எடுத்துக்கொண்டு, அதன்பின் அத்தட்டை மீண்டும் பெயர் சொல்லி அழைப்பார்.