பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: எதை வாங்குவது, வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கைப்பேசியில் எடுத்த படம் சரியில்லை என்றால் அதே நொடியில் அழித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். படச்சுருள் கேமராவில் அந்த வசதி கிடையாது. ஷட்டர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், குவியம் தவறியிருந்தாலும், ஷட்டர் திரையில் ஊசித்துளை விழுந்திருந்தாலும், சுருளைக் கழுவி வாங்கும் வரை எதுவும் தெரியாது. அதற்குள் அக்காவின் வளைகாப்பு முடிந்திருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கொடியும் இறக்கியிருப்பார்கள்.

படச்சுருள் கேமராக்கள் மீது இளையோருக்கு மீண்டும் ஆர்வம் பிறந்துள்ளது. அவற்றுள் ரேஞ்ச்ஃபைண்டர் வகை பலரையும் கவர்கிறது. கையடக்கமான உருவம், மெல்லிய சத்தம், மின்கலமே இல்லாமல் இயங்கும் இயந்திரம் ஆகியவை அதற்குக் காரணம். ஆனால், சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 40 முதல் 70 ஆண்டுகள் பழையவை. பெயரைப் பார்த்துப் பணம் கொடுப்பவர் பழுதையும் சேர்த்து வாங்க நேரிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர் எப்படி இயங்குகிறது?

இவ்வகைக் கேமராவில் படம் எடுப்பவர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேற்பகுதியில் உள்ள தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறார். சற்றுத் தள்ளி இன்னொரு சிறு சன்னல் இருக்கும். அதன் வழியாக வரும் காட்சியும் கண்ணாடிகளின் உதவியால் பார்வையின் நடுவில் ஒரு சிறு கட்டமாக விழும். குவியம் சரியில்லாதபோது அந்தக் கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் குவியம் சரியாகிவிட்டது என்று பொருள்.

இரண்டு சன்னல்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் துல்லியமும் கூடும். அந்தத் தூரத்தைப் பார்வைச் சன்னலின் உருப்பெருக்கத்தால் பெருக்கிவரும் அளவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது. லைக்கா எம்3-இல் இது ஏறத்தாழ 62 மி.மீ. லைக்கா எம்2-இல் 49 மி.மீ. வரை வரும். ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்2-இல் 26 மி.மீ. அளவுதான். 35 மி.மீ. லென்ஸுடன் வெளியில் படம் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 90 மி.மீ. லென்ஸால் முகத்தை நெருங்கி எடுப்பவருக்குக் கண்ணில் குவிய வேண்டியது காதில் குவிந்துவிடும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் சன்னல் வழியே காட்சி தெளிவாகவே தெரியும். 36 படங்களையும் மூடியோடு எடுத்து முடித்தவர்கள் உண்டு.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

லென்ஸ் பொருத்தப்பட்டே வருவது ஒரு வகை. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடியது மற்றொரு வகை. லென்ஸ் நீங்கலான பகுதியைத்தான் கேமராக்காரர்கள் பாடி என்கிறார்கள். இரண்டாம் வகையில் பாடிக்கு ஒரு விலை, லென்ஸுக்கு இன்னொரு விலை. பாடிக்கே சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு லென்ஸுக்குப் பணமில்லாமல் நிற்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

லென்ஸ் மாற்ற முடியாதவை

நம்மவர் வீட்டு அலமாரிகளில் இன்றும் கிடைக்கக்கூடியது யாஷிகா எலெக்ட்ரோ 35. இது 1966-இல் வெளிவந்தது. ஜிஎஸ்என் மாதிரி 1973-இல் வந்தது. 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் கொண்டது. துவாரத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே கணக்கிட்டுக்கொள்ளும். மின்கலம் இல்லாவிட்டால் 1/500 நொடி வேகத்தில் மட்டுமே இயங்கும். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. 6 வோல்ட் மின்கலத்தை ஓர் இணைப்புக் குழாயுடன் பொருத்திப் பயன்படுத்தலாம். வாங்கும்போது சுருள் நெம்புகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் துண்டு கரைந்துபோயிருக்கலாம். அப்படியானால் ஷட்டர் வேகம் நம்பத்தக்கதாக இருக்காது.

கேனான் கேனோனெட் கியூஎல்17 ஜிIII 1972-இல் வந்தது. 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் உடையது. யாஷிகாவைவிடச் சிறியது. இதில் ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் துவாரத்தைக் கேமரா தீர்மானிக்கும். மின்கலம் இல்லாமலும் எல்லா வேகங்களிலும் கையால் அமைத்துப் படம் எடுக்கலாம். ஆனால், அப்போது ஒளிமானி இயங்காது. இதன் ஒளிமானியும் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டது. இன்றைய 1.5 வோல்ட் மின்கலத்தைப் போட்டால் ஒளி அதிகம் இருப்பதாக மானி நினைத்துக்கொள்ளும், படம் இருட்டாக வரும். காது கேட்கும் கருவிக்கான 1.4 வோல்ட் துத்தநாக-காற்று மின்கலம் ஓரளவு பொருந்தும். எனினும், அது சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

சோவியத் கேமராக்கள்

சோர்க்கி, ஃபெட் ஆகியவை பழைய லைக்காவைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. ஃபெட் உக்ரேனின் கார்கிவ் நகரில் தயாரானது. சோர்க்கி மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்கில் தயாரானது. லென்ஸ் மாற்றக்கூடிய வகையில் விலை குறைந்தவை இவையே. பெரும்பாலும் லென்ஸோடு சேர்த்தே விற்பார்கள்.

சோர்க்கி 4-ஐக் கையில் எடுப்பவர் ஒரு விதியை மறக்கக்கூடாது. சுருளை முன்னகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளிருக்கும் பொறி உடையும். கடையிலேயே முந்தியவர் யாராவது அப்படித் திருப்பியிருக்கலாம். அதனால் எல்லா வேகங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது அவசியம். தயாரிப்பின் தரம் ஒரே சீராக இருக்காது. ஒன்று வெண்ணெய்போல் இயங்கும், பக்கத்தில் இருப்பது பாறைபோல் கிடக்கும். மாதிரியின் பெயரைவிடக் கையில் இருக்கும் கேமராவின் நிலையே இங்கே முக்கியம்.

கேனான் பி, கேனான் 7

சோவியத் கேமராக்களுக்கும் லைக்காவுக்கும் நடுவில் நல்ல தேர்வு இவை. கேனான் பி 1959-இல் வந்தது. பார்வைச் சன்னலில் பொருள்கள் இயல்பான அளவிலேயே தெரிவதால் இரு கண்களையும் திறந்தபடி படம் எடுக்கலாம். 35, 50, 100 மி.மீ. சட்டங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் தெரியும். 1961-இல் வந்த கேனான் 7-இல் வேண்டிய சட்டத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். அதன் செலீனியம் ஒளிமானிக்கு மின்கலம் தேவையில்லை. எனினும், செலீனியம் காலப்போக்கில் வலுவிழக்கும். மானி வேலை செய்தாலும் அதை அப்படியே நம்பக்கூடாது.

இவ்விரண்டின் ஷட்டர் திரை உலோகத்தால் ஆனது. சுருக்கம் விழுந்திருப்பது சாதாரணம். தடையின்றி நகர்ந்தால் அது பெரிய குறையாகாது. துணித்திரை கொண்ட கேமராக்களில், மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வேலை செய்து திரையைப் பொசுக்கிவிடும். உலோகத் திரையில் அந்தக் கவலை மிகக் குறைவு.

சோர்க்கி, ஃபெட், கேனான் மூன்றும் 39 மி.மீ. திருகு லென்ஸை ஏற்கும். இந்த லென்ஸ்களை ஒரு வளையத்தின் உதவியுடன் பின்னாளில் லைக்கா எம் பாடியிலும் பொருத்தலாம். எம் லென்ஸைத் திருகு பாடியில் பொருத்த இயலாது. சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்களுக்கு இது பயனுள்ள செய்தி. சோவியத் லென்ஸ்கள் சில, மற்ற பாடிகளில் அருகிலுள்ள பொருள்களுக்குக் குவியம் சற்று விலகும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

லைக்கா எம் வரிசை

எம்3 1954-இல் வெளிவந்தது. உருப்பெருக்கம் 0.91. சட்டங்கள் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டுமே. 50 மி.மீ. லென்ஸே போதும் என்பவருக்கு இதைவிடத் தெளிவான பார்வைச் சன்னல் கிடைப்பது அரிது. 35 மி.மீ. விரும்புபவர் எம்2-ஐ நாட வேண்டும். அதில் 35, 50, 90 சட்டங்கள் உள்ளன. 1967-இல் வந்த எம்4-இல் சுருள் ஏற்றுவதும் திருப்பிச் சுற்றுவதும் எளிதானது. இம்மூன்றிலும் ஒளிமானி இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

எம்6 1984-இல் வந்தது. உள்ளேயே ஒளிமானி உண்டு. மின்கலம் தீர்ந்தால் மானி மட்டும் நிற்கும், எல்லா ஷட்டர் வேகங்களும் இயங்கும். 2002-இல் வந்த எம்7-இல் மின்கலம் தீர்ந்தால் 1/60, 1/125 ஆகிய இரு வேகங்களே மிஞ்சும். எம்6-இன் விலை நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைப் போல் பல மடங்கு. மானிக்காக அவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று வாங்குபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது.

எம்3-இல் நடுக்கட்டம் மங்கியோ கறுத்தோ தெரிந்தால் விலகிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் கண்ணாடிப் பட்டகங்களின் பசை விட்டுப்போனதன் அறிகுறி அது. அதைச் சரிசெய்ய நிறையச் செலவாகும். எம்6-இன் துத்தநாக மேற்தகட்டில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளங்கள் தோன்றியிருந்தால் அது உலோக அரிப்பு. தோற்றத்தைக் கெடுத்தாலும் இயக்கத்தைப் பெரும்பாலும் பாதிக்காது. விலை பேச அது நல்ல காரணம்.

லைக்கா லென்ஸ் ஏற்கும் பாடி வேண்டும், ஆனால் விலை எட்டவில்லை என்பவர்களுக்கு ஜப்பானின் கோசினா நிறுவனம் தயாரித்த ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா உண்டு. ஆர்2ஏ, ஆர்3ஏ இரண்டும் மின்கலம் இல்லாமல் இயங்கா. ஆர்2எம், ஆர்3எம் இரண்டும் முழு இயந்திர வகை.

கடையில் பத்து நிமிடச் சோதனை

கோலாலம்பூரின் புடு பிளாசாவும் சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரும் பழைய கேமராக் கடைகளுக்குப் பெயர் பெற்றவை. இணையம்வழி வாங்குவதைவிட நேரில் சென்று பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. போகும்போது அளவுநாடாவும் கைவிளக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.

1. ஒரு நொடி வேகத்தில் ஷட்டரை இயக்கிக் கைப்பேசிக் கடிகாரத்துடன் ஒப்பிட வேண்டும். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் மெதுவான வேகங்களே முதலில் காட்டிக்கொடுக்கும்.

2. லென்ஸைக் கழற்றி, இருட்டான இடத்தில் துணித்திரையின் ஒருபுறம் விளக்கடித்து மறுபுறம் பார்க்க வேண்டும். நட்சத்திரம்போல் ஒளிப்புள்ளி தெரிந்தால் ஊசித்துளை உண்டு.

3. தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றைப் பார்த்து லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தால் இரு உருவங்களும் சரியாகப் பொருந்த வேண்டும். பிறகு, கேமராவின் பின்புறத்திலிருந்து ஒரு மீட்டர் அளந்து அங்கேயும் சோதிக்க வேண்டும். உருவம் மேலும் கீழுமாக விலகியிருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும்.

4. பின்கதவின் ஓரத்தில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் ஒளி கசியும். மாற்றுவது சுலபம், செலவும் குறைவு.

5. மின்கல அறையில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிகள் அரித்துப்போயிருந்தால் சுத்தம் செய்தாலும் பயனில்லை.

6. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே பார்க்க வேண்டும். சன்னலின் ஓரத்திலுள்ள சட்டக்கோடுகள் தெரியாவிட்டால் அந்தப் பாடி அவருக்கு ஏற்றதன்று.

நம் நாட்டின் எதிரி: ஈரப்பதம்

இங்குள்ள ஈரக்காற்றில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். லென்ஸுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் இழைகள் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரின் கண்ணாடிகளிலும் அது படரும். முற்றிய பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் போகாது. வாங்கிய கேமராவைத் தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே எளிய வழி. மாதம் ஒருமுறையாவது எடுத்து எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கி வைத்தால் எண்ணெய் இறுகாது.

யாருக்கு எது?

படச்சுருள் தமக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர் கேனோனெட் அல்லது யாஷிகாவில் தொடங்கலாம். தாத்தாவின் யாஷிகா வீட்டிலேயே இருந்தால் முதலில் அதற்கு ஒரு மின்கலம் வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் மாற்றிப் பழக விரும்புபவருக்குக் கேனான் பி பொருந்தும். பணம் மிகக் குறைவாக இருந்து, பொறுமை நிறைய இருப்பவருக்கு ஃபெட் அல்லது சோர்க்கி. பல ஆண்டுகள் இதிலேயே ஈடுபடப் போகிறோம் என்று உறுதியானவர் எம்2 அல்லது எம்3-ஐ நாடலாம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட கேனான், பழுதான லைக்காவைவிட மேல்.

விலையைக் கணக்கிடும்போது பழுதுபார்க்கும் செலவு, சுருள், கழுவும் கூலி மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்று கடைக்காரரிடம் கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும். அந்த நாள்களுக்குள் ஒரு சுருளை எடுத்துக் கழுவிப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எந்த வேகம், எந்தத் துவாரம் என்று குறித்துவைத்தால் குறை எங்கே என்பது புரியும்.

அந்த முதல் சுருளில் முற்றத்துத் துளசிமாடம், பக்கத்து வீட்டுப் பூனை, வேலி, வானம் ஆகியவை இருக்கட்டும். மூடப்படவிருக்கும் தோட்டத்தின் லயன் வீடுகளும், பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளும் இரண்டாவது சுருளுக்குக் காத்திருக்கலாம்.